நம் வரிசையில் அவர்களுக்கும் ஓர் இடம்
டவுன் சிண்ட்ரோம் உள்ளோரும் நம் சமுதாயமும்

முன்னுரை



ஆண்டுதோறும் வெளிவரும் இம்மலரில் திருமுறைச் சிறப்பு, விழாக்களின் உட்பொருள், தல வரலாறு ஆகியவை பற்றிப் பல கட்டுரைகளைப் படித்து வருகிறோம். அவற்றிற்கிடையே நம் இல்லங்களில் இருந்தும் நாம் வெளிப்படையாகப் பேசத் தயங்கும் ஒன்றைப் பற்றி எழுத விரும்பினேன். டவுன் சிண்ட்ரோம் என்னும் நிலையோடு பிறந்த பிள்ளைகளும் பெரியவர்களும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களைப் பற்றி நாம் அறிந்திருப்பது மிகச் சிறிது. நாமாக நினைத்துக்கொண்டிருப்பதோ மிகப் பெரிது. அந்த இடைவெளியைக் குறைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்திய பழக்கத்தால், ஒரு பாடத்தைப் போலவே இதனைப் பகுதி பகுதியாகச் சொல்லிச் செல்கிறேன். வாசகர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

டவுன் சிண்ட்ரோம் என்பது என்ன?

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் குரோமோசோம்கள் எனப்படும் நுண்ணிய இழைகள் உள்ளன. கண்ணின் நிறம், உயரம், உடலமைப்பு முதலிய மரபுச் செய்திகளை ஏந்திச் செல்பவை இவையே. பொதுவாக ஒருவருக்கு 23 இணைகளாக 46 குரோமோசோம்கள் இருக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவருக்கு 21ஆம் இணையில் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கும். ஆக மொத்தம் 47. கூடுதலாக வந்த அந்த ஒன்றுதான் வேறுபாட்டுக்கெல்லாம் காரணம்.

இதில் மூன்று வகைகள் உள்ளன. நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேருக்கு எல்லா உயிரணுக்களிலும் தனியான 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும். மூன்று அல்லது நான்கு பேருக்கு அந்தக் கூடுதல் பகுதி வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஓரிருவருக்கு மட்டும் சில உயிரணுக்களில் 46, சில உயிரணுக்களில் 47 என்று கலந்திருக்கும்.

உலகில் ஏறக்குறைய 700 முதல் 1,000 பிள்ளைகள் பிறந்தால் அவர்களுள் ஒருவர் இந்நிலையோடு பிறக்கிறார். சீனர், மலாய்க்காரர், இந்தியர், ஐரோப்பியர், ஆப்பிரிக்கர் என்ற வேறுபாடு இதற்கு இல்லை. ஏழை, செல்வர் என்ற பேதமும் இல்லை.

மேல்நோக்கிச் சாய்ந்த கண்கள், தட்டையான மூக்குத்தண்டு, சிறிய காதுகள், தளர்ந்த தசைகள், சிலருக்கு உள்ளங்கையில் ஒரே குறுக்கு ரேகை ஆகியவை பொதுவாகக் காணப்படும் அடையாளங்கள். ஆனால் இவ்வடையாளங்களுக்கு அப்பால், அந்தப் பிள்ளை தன் தாயின் சாயலையும் தந்தையின் குணத்தையும் கொண்டே பிறக்கிறது. ‘இப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி’ என்று சொல்பவர்கள் ஒருவரோடும் நெருங்கிப் பழகாதவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களிலும் குறும்புக்காரர் உண்டு, கூச்ச சுபாவம் உடையவர் உண்டு, பிடிவாதக்காரரும் உண்டு.

இது நோயன்று, தொற்றுவதன்று, மருந்தால் மாறுவதுமன்று. ‘குணப்படுத்தித் தருகிறேன்’ என்று சூரணமும் எண்ணெயும் விற்க வருவோரிடம் பணத்தை இழக்க வேண்டாம். வாழ்நாள் முழுவதும் உடனிருக்கும் ஒரு நிலை இது. இதனோடு நன்றாக வாழ்வது எப்படி என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பெயரின் வரலாறு

ஜான் லாங்டன் டவுன் என்னும் ஆங்கில மருத்துவர், சர்ரே மாவட்டத்தில் ஏர்ல்ஸ்வுட் என்ற காப்பகத்தின் பொறுப்பாளராக இருந்தவர். 1866ஆம் ஆண்டில் இந்நிலையை முதன்முதலாக முறைப்படி விவரித்து எழுதினார். அவர் பெயராலேயே இது வழங்குகிறது. முகத்தோற்றத்தை வைத்து அவர் மங்கோலிய இனத்தோடு ஒப்பிட்டது தவறானது. அதனால் தோன்றிய ‘மங்கோலிசம்’ என்ற சொல் நூறாண்டுக் காலம் மருத்துவ நூல்களிலும் மக்கள் பேச்சிலும் இடம்பெற்றிருந்தது. மங்கோலிய நாட்டின் பேராளர்கள் ஆட்சேபம் தெரிவித்ததை அடுத்து, 1965ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் அச்சொல்லைக் கைவிட்டது.

சொல்லில் தவறினாலும் செயலில் அம்மருத்துவர் தம் காலத்தை முந்தி நின்றவர். அக்காலத்தில் இத்தகையோரை அடைத்துவைப்பதே வழக்கம். அவரும் அவர் மனைவியும் 1868ஆம் ஆண்டில் நார்மன்ஸ்ஃபீல்ட் என்ற இல்லத்தைத் தொடங்கி, பயிற்சியும் கைத்தொழிலும் அளித்தனர். நாடகம் நடிப்பதற்கென்று அங்கே ஓர் அரங்கமே கட்டினர். அவர் மறைந்து சில ஆண்டுகள் கழித்து, 1905ஆம் ஆண்டில், அவருடைய மகனுக்குப் பிறந்த பேரன் ஒருவனும் இதே நிலையோடு பிறந்தான். எந்தக் குடும்பத்திற்கும் இது வரலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

காரணம் தெரியாமலேயே ஏறத்தாழ 93 ஆண்டுகள் கழிந்தன. 1959ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் ஜெரோம் லெஜூன், மார்த் கோட்டியே, ரேமோன் டுர்ப்பேன் ஆகிய மூவரும் கூடுதல் குரோமோசோமைக் கண்டறிந்து வெளியிட்டனர். உயிரணுக்களை வளர்த்து ஆராயும் ஆய்வுக்கூடப் பணியைச் செய்தவர் கோட்டியே அம்மையார்.

நம் சிங்கப்பூரிலும் சொற்கள் மாறிவந்திருக்கின்றன. 1962ஆம் ஆண்டில் பெற்றோரும் நல்லெண்ணம் கொண்டோரும் சேர்ந்து தொடங்கிய சங்கத்தின் பெயர், அன்றைய வழக்கப்படி ‘மூளை வளர்ச்சி குன்றிய சிறார்’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களைத் தாங்கியிருந்தது. 1985ஆம் ஆண்டில் அது ‘மைண்ட்ஸ்’ எனப் பெயர் மாறியது. உள்ளே இருப்பவரை மனிதராகக் காணத் தொடங்கும்போது வெளியே மாட்டிய பலகையும் மாறத்தான் வேண்டும். நம் வீடுகளில் ‘மந்தம்’, ‘லூசு’ என்று வாய்தவறி வரும் சொற்களையும் நாம் எடுத்துவிட வேண்டும்.

யார் செய்த பாவம்?

பக்தர்களாகிய நாம் இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. ஒரு குடும்பத்தில் இப்படியொரு பிள்ளை பிறந்தவுடன், உறவினர் வாயிலிருந்து வரும் முதல் சொல் பெரும்பாலும் வாழ்த்தாக இருப்பதில்லை. ‘யார் செய்த பாவமோ’, ‘கிரகணத்தில் வெளியே போனாயா’, ‘எந்தக் கோயில் வேண்டுதலை நிறைவேற்றாமல் விட்டாய்’ என்றே கேட்கிறார்கள். பிள்ளை பெற்ற களைப்புத் தீராத தாயிடம் இப்படிக் கேட்பதற்கு நமக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

அறிவியல் சொல்வது தெளிவானது. பெரும்பாலோருக்கு, கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும் நேரத்தில், உயிரணு பிரியும்போது தற்செயலாக நேரும் ஒரு பிசகே காரணம். அதாவது கரு உருவாவதற்கு முன்பே அது நடந்து முடிந்துவிட்டது. அப்படியிருக்க, கர்ப்ப காலத்தில் தாய் என்ன உண்டாள், எங்கே போனாள், யாரைப் பார்த்தாள் என்று ஆராய்வதில் பொருளே இல்லை.

தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு அதிகரிக்கிறது என்பது உண்மை. 25 வயதில் ஏறத்தாழ 1,200 பிறப்புகளுக்கு ஒன்று. 35 வயதில் ஏறத்தாழ 350க்கு ஒன்று. 40 வயதில் ஏறத்தாழ 100க்கு ஒன்று என்பது மருத்துவர்கள் தரும் கணக்கு. ஆயினும் இளந்தாய்மார்களுக்கும் இத்தகைய பிள்ளைகள் பிறக்கின்றன. குரோமோசோம் ஒட்டிக்கொள்ளும் இரண்டாவது வகையில் மட்டும் சில வேளைகளில் பெற்றோரிடமிருந்து அது வரக்கூடும். அடுத்த பிள்ளையைப் பற்றி எண்ணுவோர் மரபியல் ஆலோசனை பெற்றுக்கொள்ளலாம். மாமியாரும் நாத்தனாரும் தீர்ப்புச் சொல்ல இதில் இடமில்லை.

வினைப்பயன் என்பது நம் சமயத்தில் ஆழமான கொள்கை. தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்று ஒருவன் தன்னைத் திருத்திக்கொள்ளவே அது பயன்பட வேண்டும். பிறர் வீட்டுத் தொட்டிலைப் பார்த்துக் கணக்கெழுதுவதற்கு அதனைப் பயன்படுத்துவோர், கொள்கையையும் காயப்படுத்துகிறார்கள். பெற்ற மனத்தையும் காயப்படுத்துகிறார்கள். அந்தத் தாய் அதன்பின் கல்யாண வீட்டிற்குப் பிள்ளையை அழைத்து வருவதில்லை. கோயிலுக்கும் கூட்டமில்லாத நேரம் பார்த்தே வருகிறாள். சில ஆண்டுகளில் வருவதையே நிறுத்திவிடுகிறாள். நம் சொல்லே ஒரு குடும்பத்தைக் கோயிலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

உடல்நலத்தில் கவனிக்க வேண்டியவை

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருக்கலாம். ஆகவே குழந்தை நலமாகத் தோன்றினாலும் இதயப் பரிசோதனை செய்வது கட்டாயம். இன்று இக்குறைகளில் பெரும்பாலானவற்றை அறுவைச் சிகிச்சையால் சரிசெய்ய முடிகிறது.

காதின் குழாய்கள் குறுகியவை என்பதால் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறையலாம். பிள்ளைக்குச் சொன்னது புரியவில்லை என்று நாம் எண்ணும்போது, உண்மையில் காதில் விழாமலே இருந்திருக்கலாம். பார்வைக் குறை, தைராய்டு சுரப்பிக் குறை, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவையும் அதிகம். இவற்றை உரிய காலத்தில் பரிசோதித்துக் கவனித்தாலே பிள்ளையின் சுறுசுறுப்பும் படிப்பும் முன்னேறும். சிலருக்குக் கழுத்தெலும்பின் மேற்பகுதி தளர்வாக இருப்பதால், குட்டிக்கரணம் போன்ற பயிற்சிகளுக்கு முன் மருத்துவரைக் கேட்பது நல்லது.

வயதான பிறகு மறதிநோய் மற்றவர்களைவிட முன்னதாகவே, 40 வயதைக் கடந்தபின் தலைகாட்டும் வாய்ப்பு உண்டு. நன்றாக இருந்தவர் திடீரென்று மந்தமானால், ‘அவர் அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். தைராய்டுக் குறை, காது கேளாமை, மனச்சோர்வு என்று சரிசெய்யக்கூடிய காரணமாகவும் அது இருக்கலாம்.

ஒரு புள்ளிவிவரத்தை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1983ஆம் ஆண்டில் டவுன் சிண்ட்ரோம் உள்ளோரின் சராசரி ஆயுள் 25 ஆண்டுகளாக இருந்தது. இன்று அது ஏறத்தாழ 60. இதய அறுவைச் சிகிச்சையும், காப்பகங்களில் ஒதுக்கிவைக்காமல் குடும்பத்தில் வைத்து வளர்த்ததும் இம்மாற்றத்தைக் கொண்டுவந்தன. இது பெரும் மகிழ்ச்சி. அதே வேளையில் இது ஒரு புதிய கேள்வியையும் கொண்டுவந்திருக்கிறது. அதனைப் பின்னர்ப் பார்ப்போம்.

இவர்களால் கற்க முடியுமா?

முடியும். ஆனால் நாம் கற்பிக்கும் முறை மாற வேண்டும்.

பொதுவாக இப்பிள்ளைகளுக்குக் காதால் கேட்டு நினைவில் வைத்துக்கொள்வதைவிடக் கண்ணால் பார்த்து நினைவில் வைத்துக்கொள்வது எளிது. நீண்ட வாக்கியம் சொன்னால் முற்பகுதி மறந்துபோகும். படம் காட்டினால், செய்து காட்டினால், எழுதிக் காட்டினால் மனத்தில் நிற்கும். பேச்சு வருவதற்கு முன்பே சைகைகளைக் கற்பித்தால் எரிச்சலும் அழுகையும் குறைகின்றன. பேச்சும் பின்னால் வந்து சேர்கிறது.

இங்கிலாந்தில் சாரா டஃபன் என்ற சிறுமியின் வரலாறு ஆசிரியர்களுக்கு ஒரு பாடம். அவளுடைய தந்தை, மூன்று வயதிலேயே அட்டைகளில் சொற்களை எழுதிக் காட்டி அவளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். கேட்டுக் கற்பதைவிடப் படித்துக் கற்பது அவளுக்கு எளிதாக இருப்பதைக் கண்டு, 1979ஆம் ஆண்டில் போர்ட்ஸ்மத் நகரிலிருந்த சூ பக்லி என்ற உளவியலாளருக்குக் கடிதம் எழுதினார். ‘இப்பிள்ளைகளுக்குப் படிக்க வராது’ என்று பலரும் நம்பிய காலம் அது. அக்கடிதத்திலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி, எழுத்தைப் பேச்சுக்கு வழியாக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியது. தொடக்கத்தில் இருந்தது நிபுணரின் கோட்பாடன்று. தன் மகளை ஊன்றிக் கவனித்த ஒரு தகப்பனாரின் கண்.

ஸ்பெயின் நாட்டின் மலாகா நகரில் 1974ஆம் ஆண்டில் பிறந்த பாப்லோ பினேடா, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். ஐரோப்பாவில் இந்நிலையுடையோருள் முதன்முதலாகப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் இவரே. 2009ஆம் ஆண்டில் சான் செபஸ்தியான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான விருதும் பெற்றார். எல்லாப் பிள்ளைகளும் பட்டம் பெறுவார்கள் என்று சொல்ல இதனைக் குறிப்பிடவில்லை. பெறமாட்டார்கள். பெறாவிட்டாலும் குறைவில்லை. பிறக்கும்போதே ஒரு பிள்ளையின் எல்லையை நாம் கோடு கிழித்துவிடக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

வீட்டிலும் வகுப்பிலும் கடைப்பிடிக்கக்கூடிய சில எளிய முறைகள்:

ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் சொல்லுங்கள். ‘கையைக் கழுவிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்’ என்பது மூன்று கட்டளை.

கேள்வி கேட்டபின் மனத்திற்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். விடை வந்துகொண்டிருக்கும்போதே நாம் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறோம்.

அவர்கள் செய்யக்கூடியதை நாம் செய்துவிடக் கூடாது. சட்டைப் பொத்தான் போட ஐந்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும்.

தவறு செய்தால் திருத்துங்கள். ‘பாவம், தெரியாது’ என்று விடுவது அன்பன்று. தம்பிக்கு உள்ள ஒழுங்குவிதி அண்ணனுக்கும் உண்டு.

முப்பது வயது இளைஞரைக் ‘குட்டி’, ‘பாப்பா’ என்று கொஞ்ச வேண்டாம். ‘தம்பி’, ‘அண்ணன்’, ‘அக்கா’ என்று வயதுக்கேற்ற முறைவைத்துக் கூப்பிடுங்கள்.

தமிழைக் கைவிட வேண்டுமா?

‘இவனுக்கு ஒரு மொழியே கடினம். வீட்டில் தமிழ் பேசாதீர்கள், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்’ என்று அறிவுரை கேட்ட பெற்றோர் பலரை எனக்குத் தெரியும். நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டதுதான். ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை. கனடாவில் இருமொழிச் சூழலில் வளரும் டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளை ஆராய்ந்து 2005ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு, இரண்டாவது மொழியால் அவர்களுடைய ஆங்கிலம் பின்தங்கவில்லை என்று காட்டியது.

பாட்டி தமிழில்தான் கதை சொல்வார். தாத்தா தமிழில்தான் கடிந்துகொள்வார். கோயிலில் தேவாரம் தமிழில்தான் ஒலிக்கும். வீட்டில் எல்லாரும் தமிழில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, ஒரு பிள்ளையிடம் மட்டும் ஆங்கிலத்தில் இரண்டு சொல் பேசினால், அப்பிள்ளை தன் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடும். எழுதப் படிக்க வராவிட்டாலும் சரி, பேசட்டும், பாடட்டும்.

பள்ளியும் வேலையும்

சிங்கப்பூரில் இன்று பிறக்கும் பிள்ளைக்கு, முன்னோர் காணாத வாய்ப்புகள் உண்டு. பாலர் பருவத்திலேயே உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி அளிக்கும் ஆரம்பகாலத் தலையீட்டு நிலையங்கள் உள்ளன. 1996ஆம் ஆண்டில் பெற்றோர் முயற்சியில் உருவான சிங்கப்பூர் டவுன் சிண்ட்ரோம் சங்கம் குடும்பங்களுக்குத் துணைநிற்கிறது. மலேசியாவில் 1989ஆம் ஆண்டு முதல் கிவானிஸ் டவுன் சிண்ட்ரோம் அறநிறுவனம் பணியாற்றி வருகிறது. அங்கே 2008ஆம் ஆண்டில் உடற்குறையுள்ளோர் சட்டமும் இயற்றப்பட்டது.

நம் நாட்டில் கட்டாயக் கல்விச் சட்டம் 2003ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்தபோது, சிறப்புத் தேவை அதிகமுள்ள பிள்ளைகள் அதில் சேர்க்கப்படவில்லை. 2019ஆம் ஆண்டில் தொடக்கநிலை ஒன்றுக்குச் சென்ற பிள்ளைகள் முதல் அவர்களும் அச்சட்டத்திற்குள் வந்தனர். உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை 2013ஆம் ஆண்டில் சிங்கப்பூர் உறுதிப்படுத்தியது.

ஆயினும் சிறப்புப் பள்ளிகளில் படிப்பு பெரும்பாலும் 18 வயதோடு முடிகிறது. அதுவரை காலையில் சீருடை அணிந்து, பேருந்தேறி, நண்பர்களோடு சிரித்துவிட்டு வந்த பிள்ளை, மறுநாள் முதல் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியின் முன் உட்காரும் நிலை பலருக்கு ஏற்படுகிறது. கற்ற பேச்சும் மறக்கிறது, உடல் பருக்கிறது, மனம் சுருங்குகிறது. பதினெட்டாண்டு உழைப்பு ஈராண்டில் கரைந்துபோவதைப் பெற்றோர் கண்ணால் காண்கிறார்கள்.

வேலை என்பது சம்பளத்திற்காக மட்டுமன்று. காலையில் எழுந்து போவதற்கு ஓரிடம் வேண்டும். ‘இன்று ஏன் வரவில்லை’ என்று கேட்பதற்கு ஒருவர் வேண்டும். அதற்காகவே வேலை. 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட எஸ்ஜி எனேபல் அமைப்பு வேலைப் பயிற்சிக்கும் வேலை தேடுவதற்கும் உதவுகிறது. லெங்கோக் பாருவில் 2015ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட எனேபலிங் வில்லேஜ் வளாகத்தை இயன்றோர் ஒருமுறை சென்று பார்க்கலாம். வேலை செய்யும் வயதில் உள்ள உடற்குறையுள்ளோரில் நூற்றுக்கு 40 பேர் 2030க்குள் வேலையில் இருக்க வேண்டும் என்பது நாட்டின் இலக்கு. அந்த எண்ணிக்கை அரசாங்கத்தால் மட்டும் நிறைவேறாது. நம் நன்கொடையாளர்களில் உணவகம் நடத்துவோர், பூக்கடை வைத்திருப்போர், பல்பொருள் அங்காடி, அச்சகம் வைத்திருப்போர் பலர் உள்ளனர். ஒவ்வொருவர் கடையிலும் ஒருவருக்கு ஏற்ற ஒரு வேலை இருக்கிறது.

‘எனக்குப் பின் யார்?’

முன்னர்க் குறிப்பிட்ட அந்தப் புதிய கேள்வி இதுதான்.

ஆலய முகப்பில் அர்ச்சனைச் சீட்டு எழுதும் தொண்டு செய்தபோது, எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் நாற்பது வயது மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வருவார். அவன் பெயர், நட்சத்திரம் மட்டும் சொல்வார். ‘உங்கள் பெயருக்கும் எழுதட்டுமா?’ என்று கேட்டால், ‘எனக்கு வேண்டியது ஒன்றுதான் ஐயா. இவன் போன மறுநாள் நான் போக வேண்டும்’ என்பார். பெற்ற தாய் தன் மகனுக்கு முன்னதாகத் தான் இறந்துவிடக் கூடாது என்று வேண்டும் நிலை. பிள்ளைக்கு நீண்ட ஆயுள் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த ஆயுளுக்குத் துணை நிற்க யாரும் இல்லையே என்ற அச்சம் அவரை அப்படி வேண்டவைக்கிறது.

இந்த அச்சத்தைக் குறைக்க இந்நாட்டில் சில சட்ட வழிகள் உள்ளன. குடும்பங்கள் இவற்றைக் காலத்தோடு அறிந்துகொள்வது அவசியம்.

முதலாவது, மனத் திறன் சட்டம். இது 2010ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்தது. பிள்ளைக்கு 21 வயது நிறைந்தால் பெற்றோர் என்ற காரணத்தால் மட்டும் அவருக்காக முடிவெடுக்கும் சட்ட உரிமை கிடையாது. நீதிமன்றத்தின் மூலம் பொறுப்பாளராக நியமனம் பெற வேண்டும். தமக்குப் பின் அப்பொறுப்பை ஏற்பவரையும் அப்போதே குறிப்பிடலாம்.

இரண்டாவது, சிறப்புத் தேவையுடையோர் அறக்கட்டளை நிறுவனம். இது 2008ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது, அரசாங்க ஆதரவு பெற்றது, இலாப நோக்கமற்றது. பெற்றோர் ஒப்படைக்கும் பணத்தை, அவர்கள் மறைவுக்குப் பின் அவர்கள் விருப்பப்படியே பிள்ளையின் பராமரிப்புக்கு வழங்கும். பணத்தை உறவினர் ஒருவர் பெயரில் போட்டுவிட்டு, அவர் நேர்மையை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை.

மூன்றாவது, 2014ஆம் ஆண்டில் தொடங்கிய சிறப்புத் தேவைச் சேமிப்புத் திட்டம். பெற்றோரின் மத்திய சேம நிதியிலிருந்து, அவர்கள் மறைவுக்குப் பின், மாதந்தோறும் பிள்ளைக்குப் பணம் கிடைக்க வழிசெய்வது.

சட்டம் பணத்தைக் காக்கும். ஆனால் தீபாவளிக்கு வீட்டுக்கு அழைத்து, இலை போட்டு, ‘இன்னும் ஒரு வடை வை’ என்று சொல்வதற்கு மனிதர்கள் வேண்டும். அவர்களைச் சட்டத்தால் நியமிக்க முடியாது. அத்தகைய மனிதர்கள், பிள்ளை சிறியவராக இருக்கும்போதே பழகியிருக்க வேண்டும். அதற்குரிய இடங்களில் ஒன்று ஆலயம்.

ஆலயமும் நாமும்

நம்மவர்களின் ஈகைக்குக் குறைவில்லை. பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் இல்லங்களில் உணவு வழங்குகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். நல்ல செயலே. ஆனால் உணவு கொடுத்துவிட்டு வருவது வேறு. பக்கத்தில் உட்கார்ந்து உண்பது வேறு. முன்னதில் அவர்கள் என்றும் பெறுபவர்கள், நாம் என்றும் கொடுப்பவர்கள். அவர்களுக்கும் கொடுக்கத் தெரியும். கொடுக்க ஓர் இடம்தான் இல்லை.

ஆலயத்தில் அந்த இடத்தை உருவாக்குவது கடினமன்று. அன்னதானத்தில் இலை போடுதல், தண்ணீர் வைத்தல், பூத்தொடுக்க உதிரிப்பூ பிரித்தல், விபூதி குங்குமப் பொட்டலம் மடித்தல், விளக்கு துடைத்தல், பிரசாதம் வழங்குதல் ஆகிய தொண்டுகள் நாள்தோறும் நடைபெறுகின்றன. இவை கண்ணால் பார்த்துக் கற்று, திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகள். அவர்களுடைய கற்கும் திறனுக்கு மிகவும் பொருத்தமானவை. ஒரு தொண்டூழியரோடு ஒருவரை இணைத்துவிட்டால் சில வாரங்களில் பழகிவிடுவார். மற்றத் தொண்டூழியருக்குக் கொடுக்கும் அதே சட்டையையும் பெயர் அட்டையையும் அவருக்கும் கொடுக்க வேண்டும்.

வார இறுதித் தேவார வகுப்பில் அவர்களையும் சேர்க்கலாம். பாட்டைப் படத்தோடு எழுதித் தொங்கவிட்டால், மற்றப் பிள்ளைகளுக்கும் அது உதவும். உடன் படிக்கும் பிள்ளைகள் பெறும் பயன் இன்னும் பெரிது. ஏழு வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவன், நாற்பது வயதில் முதலாளியானால், வேலை கேட்டு வருபவரின் முகத்தைப் பார்த்துத் தயங்கமாட்டான்.

விழா நாட்களின் மேளச் சத்தமும் நெரிசலும் சிலருக்குத் தாங்காது. மண்டபத்தின் ஓரத்தில் அமைதியான ஓரிடத்தை ஒதுக்கிவைத்தால் குடும்பமே நிம்மதியாகத் தரிசனம் செய்யும். சந்நிதியில் பிள்ளை உரக்கக் குரல் எழுப்பினால் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அதுவும் ஒரு வழிபாடுதான். பெற்றோரிடம் ‘இவருக்கு என்ன?’ என்று கேட்பதற்குப் பதிலாக, அவரிடமே ‘உங்கள் பெயர் என்ன?’ என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.

நன்கொடையாளர்களிடம் ஒரு தனி வேண்டுகோள். கோபுரத்திற்கும் விமானத்திற்கும் கொடுக்கும் கையால், பெற்றோர் ஒரு பிற்பகல் ஓய்வெடுக்க உதவும் பராமரிப்புத் திட்டத்திற்கும், பேச்சுப் பயிற்சிக்கான கட்டணத்திற்கும் கொடுங்கள். பணத்தோடு, மாதத்தில் ஒரு மணி நேரத்தையும் கொடுங்கள்.

முடிவுரை

மார்ச் மாதம் 21ஆம் நாள் உலக டவுன் சிண்ட்ரோம் தினம். 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பதைக் குறிக்கவே மூன்றாம் மாதத்தின் 21ஆம் நாளைத் தேர்ந்தெடுத்தனர். ஐக்கிய நாட்டு நிறுவனம் 2012ஆம் ஆண்டு முதல் இந்நாளை அனுசரித்து வருகிறது. ஆண்டுக்கு ஒருநாள் நினைப்பதற்கு அது போதும். ஆனால் அவர்களுக்கும் நம்மைப் போலவே ஆண்டுக்கு 365 நாட்கள் இருக்கின்றன.

இந்த மலரைப் படித்து முடித்தவுடன், உங்கள் உறவிலோ அண்டைவீட்டிலோ உள்ள அப்படியொரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். கடைசியாக அவர்களை எப்போது கோயிலில் பார்த்தீர்கள்? நினைவுக்கு வரவில்லை என்றால், வரும் வெள்ளிக்கிழமை ஒரு தொலைபேசி அழைப்புச் செய்து, ‘நாங்கள் கோயிலுக்குப் போகிறோம், நீங்களும் வாருங்கள், சேர்ந்தே போகலாம்’ என்று கூப்பிடுங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நலம் அருள்வானாக.